கடற்கரையிலிருந்து கடைவாய்க்கு

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து அலைகள் சீறும் மாதங்களில் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் நிறம் மாறும். வள்ளியாறு கடலில் சேரும் கடியப்பட்டணத்துப் பக்கம் நின்றால் அதைக் கண்ணாரப் பார்க்கலாம். கரையேறி வரும் அலை, திரும்பும்போது எடை குறைந்த வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகிறது. எடை கூடியது கரையிலேயே தங்கிவிடுகிறது. தங்கியது கறுப்பும் செம்பழுப்புமாகப் பட்டை பட்டையாகப் படிந்து கிடக்கும். கறுப்பாக இருப்பது இல்மனைட். சிவப்பு, கார்னெட். மஞ்சள் கலந்த பழுப்பு, மோனசைட். இவற்றுக்கு நடுவே நிறம் இல்லாத காரணத்தாலேயே கண்ணில் படாமல் கிடப்பது ஜிர்கான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அவ்வளவுதான் ஒரு துகள்.

பல் மருத்துவமனைப் பலகைகளில் ‘ஜிர்கோனியா கேப்’ என்று எழுதியிருப்பதை இன்று சிற்றூர்களில்கூடப் பார்க்கிறோம். அந்தக் கேப் இந்தத் துகளிலிருந்து வருவது. தேய்ந்து, கரைந்து, பாதியாகிப்போன ஒரு வாயை முழுவதுமாகத் திரும்பக் கட்டியெழுப்பும்போது பற்களின் மேல் உட்காரும் பொருள் அது. அது கடந்து வரும் வழி நெடியது. அதைவிட, அது வந்து சேரும் வாயைத் தயார்செய்யும் வேலை கடினமானது.

குமரி மாவட்டத்து மலைகளின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. மழையும் வெயிலும் அவற்றைத் தின்றபோது பாறையின் பெரும்பகுதி மக்கிக் களிமண்ணாகிவிட்டது. உள்ளே சிக்கியிருந்த ஜிர்கான் மட்டும் மக்கவில்லை. ஆறு அதை உருட்டிக்கொண்டு வந்து கடலில் போட்டது. கடல் அதைத் திருப்பிக் கரையில் போட்டது. எளிதில் கரையாத இந்தக் குணத்தால்தான் பூமியிலேயே உருவாகி இதுவரை கண்டெடுத்தவற்றுள் மிகப் பழைய கனிமத் துணுக்கும் ஜிர்கானாகவே இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் குன்றுகளில் கிடைத்த அதன் வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள். நம் எனாமலோ, புளிப்பான ஒரு குவளை பானத்துக்கே இளகத் தொடங்கிவிடும்.

மணவாளக்குறிச்சியின் மணல் உலகின் கண்ணில் பட்டது தற்செயலாக. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் கண்டுபிடித்தார். நாரின் தடம் பிடித்து வந்து இங்கேயே மணலைப் பிரிக்கும் ஆலையையும் தொடங்கினார். அன்று எல்லோரும் தேடியது மோனசைட்டைத்தான். அதிலிருந்து கிடைக்கும் தோரியம் எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தேவைப்பட்டது. ஜிர்கான் கூடவே வந்த பொருள். 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் அமைந்தது. இன்றும் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கையில்தான் இருக்கிறது.

இந்த மணலைத் தோண்டுவதில் கரையோர மக்களுக்கு இருக்கும் அச்சத்தைச் சொல்லாமல் துகளின் கதையைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது கதிர்வீச்சை வெளியிடும். கரை அரிப்பு, குடிநீர், புற்றுநோய் பற்றிய பயம் எல்லாம் சேர்ந்துதான், கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகக் கடலோர ஊர்கள் 2024-இல் திரண்டன. பல்லுக்குப் போகும் ஜிர்கான், மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனாலும் வாயில் வெள்ளையாக மின்னுவது ஒரு ஊரின் கரையிலிருந்து எடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆலைக்குள் போன மணலைப் பிரிக்கும் முறை எளிமையானது, அழகானதும்கூட. முதலில் தண்ணீரோடு சேர்த்துச் சுழல்பாதையில் விடுகிறார்கள். ஜிர்கான் சாதாரண மணலைவிட ஒன்றே முக்கால் மடங்கு கனம். அது உள்பக்கமாக ஒதுங்கும். உலர்ந்த பிறகு காந்தம். இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அடுத்து உயர் மின்னழுத்தம் பாயும் உருளை. மணலில் உள்ள ரூட்டைல் என்ற கனிமம் மின்சாரத்தைக் கடத்துவதால் தெறித்து விழும். கார்னெட்டும் மோனசைட்டும் வலுவான காந்தத்துக்கு மசிந்துவிடும். காந்தத்துக்கும் மசியாமல், மின்சாரத்தையும் கடத்தாமல், கனமும் குறையாமல் கடைசியில் மிஞ்சி நிற்பது ஜிர்கான்.

மிஞ்சியதில் பெரும்பகுதி நாம் கால் வைக்கும் தரை ஓட்டுக்கு வெண்மை கொடுக்கப் போகிறது. இன்னொரு பங்கு, உருகிய எஃகைத் தாங்கும் வார்ப்பு மணலாக வார்ப்படச் சாலைகளுக்குப் போகிறது. இன்னொன்று தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலுக்கு. அங்குள்ள ஜிர்கோனியம் வளாகத்தில், அணு உலையின் எரிபொருள் குழாய்க்கான உலோகமாகும் பாதையில் அது ஏறுகிறது. ஜிர்கோனியத்தோடு இயற்கையிலேயே ஒட்டிப் பிறக்கும் ஹாஃப்னியத்தை அங்கே பிரித்தே ஆக வேண்டும். ஹாஃப்னியம் நியூட்ரான்களை விழுங்கிவிடும். பல்லுக்கு அந்தக் கவலை இல்லை. ஹாஃப்னியம் கூடவே இருந்துவிட்டுப் போகலாம்.

ஜிர்கான் வேறு, ஜிர்கோனியா வேறு. ஜிர்கானில் மூன்றில் இரண்டு பங்குதான் ஜிர்கோனியா; மீதி சிலிக்கா. பெர்லினில் இருந்த மார்ட்டின் ஹைன்ரிச் கிளப்ரோத் 1789-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். அவர் கையில் இருந்த கல் இலங்கையிலிருந்து போனது. ‘மாத்தறை வைரம்’ என்று வணிகர்கள் விற்றுவந்த நிறமற்ற கற்களும் உண்மையில் ஜிர்கானே. இன்று தொழிற்சாலையில் ஜிர்கானைக் காஸ்டிக் சோடாவோடு உருக்கி, சிலிக்காவைக் கழுவி நீக்கி, அமிலத்தில் கரைத்து, உப்பாகப் படியவைத்து, வறுத்து, மாவினும் மெல்லிய பொடியாக்குகிறார்கள். பல் தகடுகளுக்கான பொடியில் பெயர்பெற்றது ஜப்பானின் தோசோ நிறுவனம். உலகச் சந்தையில் அதிகம் கிடைப்பது ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கக் கரைகளின் ஜிர்கான். எந்த நாட்டுக் கரையானாலும் பொடியான பிறகு ஊர்ப்பெயர் போய்விடும். பெட்டியில் தொகுதி எண் மட்டும் இருக்கும்.

தூய ஜிர்கோனியாவுக்கு ஒரு பெருங்குறை உண்டு. சாதாரண வெப்பத்தில் அதன் படிகம் ஒரு வடிவில் இருக்கும். ஏறத்தாழ 1170 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேறு வடிவத்துக்கு மாறும். சூடேறும்போது பிரச்சினை இல்லை. ஆறும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு பருத்துவிடுகிறது. சுட்டெடுத்த பொருள் ஆறிக்கொண்டிருக்கும்போதே தன்னைத் தானே பிளந்துகொள்ளும். இதற்கு மருந்து இட்ரியம் ஆக்சைடு. நூறு மூலக்கூறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைக் கலந்துவிட்டால், உயர்வெப்ப வடிவம் அறை வெப்பத்திலும் அப்படியே நின்றுவிடுகிறது. நிற்கிறதே தவிர, மாறும் வேகம் உள்ளே அடங்கித்தான் இருக்கிறது.

அந்த அடங்கிய வேகத்தை ஒரு வலிமையாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியது 1975-இல் ஆஸ்திரேலியாவின் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ மூவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை. ‘செராமிக் எஃகா?’ என்பது அதன் தலைப்பு. பீங்கான் வகைகள் எல்லாவற்றுக்கும் எமன் விரிசல். ஒரு கீறல் விழுந்தால் அது ஓடிப்போய் மறுமுனையைத் தொட்டுவிடும். இந்த ஜிர்கோனியாவில் விரிசலின் முனை ஒரு துகளை நெருங்கும்போது, அங்கே உண்டாகும் இழுவிசை அந்தத் துகளை அடக்கத்திலிருந்து விடுவிக்கிறது. துகள் வடிவம் மாறிப் பருக்கிறது. பருத்தது விரிசலின் இரு கரைகளையும் நெருக்குகிறது. மேற்கொண்டு ஓட விரிசலுக்கு இடமில்லாமல் போகிறது. எந்தப் பருமன் முன்பு பொருளை உடைத்ததோ, அதே பருமன் இப்போது அதைக் காக்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் நான் வேறு எதையும் படிக்கவில்லை.

இதிலும் ஓர் ஆபத்து இருந்தது. உடலின் ஈரத்திலும் சூட்டிலும் மேற்பரப்புத் துகள்கள் அடிபடாமலேயே மெல்ல மெல்ல மாறிக்கொள்ளும். 1980-களிலிருந்து இடுப்பு மூட்டுப் பந்துகளை ஜிர்கோனியாவில் செய்துவந்தார்கள். சூளை முறையை மாற்றிச் சுட்ட சில தொகுதிகளின் பந்துகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைந்து, 2001-இல் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எலும்பு மருத்துவம் இந்தப் பொருளைக் கைவிட ஆரம்பித்த அதே காலத்தில்தான் பல் மருத்துவம் அதைக் கையில் எடுத்தது. கடைவாய்க்கு இட்ரியம் குறைந்த வலுவான வகை, முன்பல்லுக்கு இட்ரியம் கூடிய, ஒளி ஊடுருவும் வகை என்று இப்போது பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். ஒளி கூடினால் வலு குறையும். இரண்டையும் முழுதாகப் பெற வழியில்லை.

பொருள் தயார். வாய்?

என் சித்தப்பா நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் உமிக்கரியும் உப்பும் வைத்துப் பல் விளக்கியவர். நடுவயதிலிருந்து நெஞ்செரிச்சல், அதை வியாதியாகவே அவர் எண்ணியதில்லை. இரவில் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பார். சித்திக்கு அது பழகிப்போன சத்தம். அறுபதைத் தாண்டியபோது அவருடைய முன்பற்கள் பாதி உயரத்துக்குக் குறைந்திருந்தன. சிரித்தால் மேல்பல் தெரியாது. மோர் குடித்தாலும் கூசும். சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்கத் தொடங்கியிருந்தார்.

பல் டாக்டர் அவர் வாய்க்குள் ஒரு கண்ணாடியைப் பிடித்து எனக்குக் காட்டினார். கடைவாய்ப் பற்களில் மேடுகளே இல்லை. நடுவில் மஞ்சள் குழி, சுற்றிலும் மெல்லிய எனாமல் விளிம்பு. ஒரு பல்லில் பல வருஷங்களுக்கு முன் அடைத்த வெள்ளி அடைப்பு பல்லைவிட உயரமாக நின்றது. அடைப்பு உயரவில்லை, சுற்றியிருந்த பல் கரைந்து இறங்கியிருந்தது. கடித்துத் தேய்ந்த பல்லில் அடைப்பும் சேர்ந்துதான் தேயும். அடைப்பு மேடாக நிற்பது அமிலத்தின் வேலை என்றார் டாக்டர். மேல் முன்பற்களின் உட்பக்கம், நாக்கு தொடும் இடம், வழுவழுவென்று குழிந்திருந்தது. அது வயிற்றிலிருந்து வந்த அமிலத்தின் அடையாளம்.

எனாமலைச் செய்யும் செல்கள், பல் ஈறைத் தாண்டி வெளியே வருவதோடு அழிந்துபோகின்றன. எலும்பு ஒடிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் போனால் போனதுதான். வாயின் அமிலநிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் அதன் கனிமம் கரையத் தொடங்கும். இளகிய அந்த நேரத்தில் கரிப்பொடியும் இரவுக் கடியும் சேர்ந்தால் தேய்மானம் பல மடங்காகும். சித்தப்பாவுக்கு மூன்றும் சேர்ந்து நடந்திருந்தன.

“எல்லாத்துக்கும் ஒரேயடியா கேப் போட்டுட்டா சரியாயிடும் இல்லியா டாக்டர்?” என்றார் சித்தப்பா.

“கேப் போட இடம் எங்க சார் இருக்கு?” என்றார் டாக்டர்.

முழுவாய்ச் சீரமைப்பின் கரு இந்தக் கேள்விதான். பல் தேயத் தேய, மேலும் கீழும் இடைவெளி கூடும் என்றுதான் நாம் நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தேய்ந்த பல் எலும்போடும் ஈறோடும் சேர்ந்து மெல்ல வளர்ந்து எதிர்ப்பல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மனிதன் சாப்பிட முடியாமல் போகாதிருக்க உடல் செய்யும் ஏற்பாடு அது. அதனால் பல் குட்டையாகியும் முகத்தின் உயரம் குறையாமல் இருக்கலாம். கேப்புக்கு வேண்டிய ஒன்றரை மில்லிமீட்டர் அங்கே இருக்காது. 1984-இல் டர்னரும் மிசர்லியானும் தேய்ந்த வாய்களை மூன்றாகப் பிரித்ததும் இந்த அடிப்படையில்தான்: கடி உயரம் குறைந்துபோனவை, உயரம் குறையாவிட்டாலும் இடம் உள்ளவை, உயரமும் குறையாமல் இடமும் இல்லாதவை. மூன்றாவதுதான் மருத்துவரை அதிகம் சோதிப்பது.

இடமில்லை என்பதற்காக மிஞ்சியிருக்கும் பல்லையும் சீவித் தள்ளுவது பெரும் அநியாயம். நார்வேயின் டால் என்பவரும் தோழர்களும் 1975-இல் வேறு வழி காட்டினார்கள். தேய்ந்த முன்பற்களுக்குப் பின்னால் ஒரு சிறு தகட்டை வைத்துக் கடியை உயர்த்தினார்கள். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. சில மாதங்களில் அவை தாமே வளர்ந்து மீண்டும் சந்தித்தன; முன்னால் இடம் கிடைத்துவிட்டது. முன்பல் மட்டும் தேய்ந்தவர்களுக்கு இது இன்றும் நல்ல வழி. சித்தப்பாவுக்கு முன்னும் பின்னும் போயிருந்ததால் கடி உயரத்தையே மொத்தமாக ஏற்ற வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால் அவரை வயிற்று மருத்துவரிடம் அனுப்பினார் டாக்டர். அமிலம் அடங்காமல் ஒரு பல்லையும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உமிக்கரி நின்றது. பிறகு தாடையின் அளவு. மூக்கு நுனியில் ஒரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி. வாயைத் தளர்வாக வைத்திருக்கும்போது இரண்டுக்கும் உள்ள தூரம், கடிக்கும்போது உள்ள தூரம். நல்ல வாயில் இந்த இரண்டுக்கும் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். சித்தப்பாவுக்கு அதைவிடக் கூடுதலாக இருந்தது; ஏற்ற இடமுண்டு என்று அர்த்தம். மேல்தாடை காதருகே உள்ள மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை முகத்தில் மாட்டும் ஒரு வில்லால் அளந்து, அதே நிலையில் பல் அச்சுகளை ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவியில் பொருத்தினார்கள். தாடை மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. இனி திறக்கலாம், மூடலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம்.

அந்த அச்சின்மேல் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லையும் திரும்ப வடித்தார் லேப் டெக்னீஷியன். மெழுகை ஏற்றி, எதிர்ப்பல்லோடு மூடி, சுரண்டி, மறுபடி மூடிப் பார்த்தார். நான் பார்த்தவற்றுள் மிகப் பொறுமையான கைவேலை அது. இன்று கணினித் திரையிலேயே இதைச் செய்பவர்கள் அதிகம். இவர் திரையையும் பயன்படுத்தினார்; ஆனால் மேடுகளைக் கையால்தான் முடித்தார்.

உயர்த்திய கடியை உடல் ஏற்குமா என்பது சோதித்துத்தான் தெரியும். முதலில் கழற்றி மாட்டும் கெட்டித் தகடு சில வாரங்கள். தாடை மூட்டு வலிக்கவில்லை, காலையில் தசை இறுகவில்லை என்று தெரிந்ததும், மெழுகு வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக் தற்காலிகப் பற்களாக மாற்றி ஒட்டினார்கள். இதற்கிடையில் உள்ளிருக்கும் கூழ் வரை தேய்ந்த பற்களுக்கு ரூட் கேனால். பிடிமானத்துக்குப் போதிய பல் இல்லாத இடங்களில் ஈறையும் எலும்பையும் சற்றே இறக்கும் சிறு அறுவை. பற்களைச் சீவும்போது ஒரு பக்கத்தைச் சீவி, மறுபக்கத்துத் தற்காலிகப் பற்களை அப்படியே விட்டுவைத்தார் டாக்டர். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால், ஏற்றிவைத்த உயரம் எதுவென்று சொல்ல வாயில் சாட்சி இருக்காது.

பேச்சும் ஒரு அளவுகோல். சித்தப்பாவைச் செய்தித்தாளை உரக்க வாசிக்கச் சொன்னார் டாக்டர். ‘சனி’, ‘பசி’, ‘வாசல்’ என்று சகரம் வரும் இடங்களில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மிக நெருங்கும், ஆனால் தொடக் கூடாது. தொட்டுச் சத்தம் வந்தால் உயரம் மிஞ்சிவிட்டது. ‘வாழை’, ‘வெல்லம்’ என்று சொல்லும்போது மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டின் உள்விளிம்பில் மெல்லப் படிய வேண்டும். நாற்பது வருஷம் வகுப்பில் பேசிய குரல், முதல் வாரம் தடுமாறியது. பிறகு நாக்கு தன் புதிய சுவர்களைக் கற்றுக்கொண்டது. “மக்களே, எனக்கு என் பேச்சு திரும்பி வந்துட்டு” என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது வாயில் இருந்தது வெறும் தற்காலிகப் பிளாஸ்டிக்தான்.

அந்தப் பிளாஸ்டிக் பற்களிலேயே வெற்றி தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். உயரம், சாய்வு, நீளம், கடி எல்லாம் அங்கேயே சோதித்துத் திருத்தியாகிவிட்டது. ஜிர்கோனியா அந்த முடிவை நிலைப்படுத்துகிறது, அவ்வளவே. இந்தப் படிகளையெல்லாம் தாண்டிக் குதித்து, நல்ல பற்களையும் வெண்மைக்காகச் சீவி, சில நாட்களில் வாய் முழுக்கக் கேப் மாட்டிவிடுவதாக விளம்பரம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சீவிய எனாமல் ஒருபோதும் திரும்பாது.

இனி ஜிர்கோனியாவின் முறை. லேபுக்கு அது வருவது வட்டத் தகடாக. குறுக்களவு 98 மில்லிமீட்டர். பொடியை அழுத்தி அரைவேக்காடாகச் சுட்ட நிலை. கையில் எடுத்தால் கரும்பலகைச் சாக்பீஸைத் தொட்ட உணர்வு; நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் ஒரு எண் அச்சாகியிருக்கும். ஒன்றேகால் அளவில் இருக்கும் அந்த எண்தான் உருப்பெருக்கம். சூளையில் இந்தப் பொருள் நூற்றுக்கு இருபது பங்கு சுருங்கும் என்பதால், கேப்பை அந்த மடங்கு பெரிதாக்கிக் கடைய வேண்டும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் கனஅளவில் ஏறக்குறைய பாதி. எண்ணைத் தவறாகக் கொடுத்தால் ஒரு கேப்பும் எந்தப் பல்லிலும் உட்காராது.

கடைசல் இயந்திரம் ஐந்து அச்சுகளில் திரும்பித் திரும்பித் தகட்டைச் செதுக்கியது. வெள்ளைத் தூசியைக் குழாய் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. வெளியே வந்த கடைவாய்க் கேப்பை டெக்னீஷியன் என் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. மேடுகளும் பள்ளங்களும் துல்லியமாக இருந்தன. ஆனால் எந்த மனிதனுடைய பல்லைவிடவும் பெரியது. விரல் இறுகினால் உடைந்துவிடும் என்று எச்சரித்தார். பிறகு கேப்புகளைச் சிறு உருண்டைகள் பரப்பிய கிண்ணத்தில் வைத்துச் சூளைக்குள் அனுப்பினார். சுருங்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் உருள்வதற்காக அந்த உருண்டைகள். வெப்பம் மெல்ல 1500 டிகிரி வரை ஏறி, மெல்ல இறங்கும். இரவு முழுக்க ஓடியது. காலையில் எடுத்தபோது அதே கேப் பாதியாகக் குறுகி, கெட்டிப்பட்டு, மேசையில் வைத்தால் கணீரென்றது. இப்போது அதை வைரம் பதித்த கருவி இல்லாமல் தொட முடியாது.

நிறத்தில் சித்தப்பாவுக்கும் டாக்டருக்கும் சிறு வாக்குவாதம் நடந்தது. ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த பதினாறு நிற அட்டவணை இன்றும் எல்லா மேசையிலும் இருக்கிறது. சித்தி மிக வெளுத்ததைக் காட்டினார். டாக்டர் சித்தப்பாவின் கண்ணின் வெண்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “கண்ணைவிடப் பல்லு வெள்ளையா இருந்தா முகத்துல பல்லு மட்டும்தான் தெரியும், அம்மா” என்றார். மஞ்சள் சாயல் கொண்ட ஒன்றில் உடன்பாடு ஆயிற்று.

ஒட்டுவதிலும் இந்தப் பொருள் பிடிவாதமானது. பீங்கானை அமிலம் அரித்துச் சொரசொரப்பாக்கும். ஜிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் அமிலம் பலிக்காது. அலுமினாத் தூளைக் காற்றழுத்தத்தில் வீசி உட்புறத்தைச் சற்றே சொரசொரப்பாக்குவார்கள். பிறகு எம்.டி.பி. என்ற பொருள், அதன் பாஸ்பேட் முனை ஜிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும். உமிழ்நீரிலும் பாஸ்பேட் உண்டு. பொருத்திப் பார்க்கும்போது எச்சில் பட்ட கேப்பைச் சுத்தம் செய்யாமல் ஒட்டினால், எம்.டி.பி. உட்கார வேண்டிய இடத்தில் எச்சில் முந்தி உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு கேப்பையும் பொருத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வெளியே எடுத்துச் சுத்தம் செய்துதான் ஒட்டினார் டாக்டர்.

கடைசி வேலை கடி. கார்பன் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தார். அதன் பிறகு எட்டு மைக்ரான் தடிமனுள்ள உலோகத் தாளைப் பற்களுக்கு இடையே கொடுத்து இழுத்தார். கடைவாயில் தாள் சிக்க வேண்டும்; முன்பல்லில் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பற்கள் மட்டும் உரசி, கடைவாய்ப் பற்கள் உடனே பிரிந்துவிட வேண்டும். இரவில் பல் கடிப்பவருக்கு இது உயிர்நாடி. செங்குத்தான சுமையைக் கடைவாய் தாங்கும். பக்கவாட்டு இழுப்பு வேரை அசைத்துவிடும். சீவிச் சரிசெய்த ஒவ்வொரு புள்ளியையும் ரப்பர் கொண்டு கண்ணாடியாக மெருகேற்றினார். ஜிர்கோனியா எனாமலைப் போல மூன்று நான்கு மடங்கு கடினம். மெருகு இருந்தால் எதிர்ப்பல்லுக்குச் சேதம் குறைவு. சொரசொரப்பாக விட்டால் அரமாகிவிடும்.

இரவில் மாட்டிக்கொள்ளக் கெட்டித் தகடு ஒன்றும் கொடுத்தார்கள். பல்லைக் கடிக்கும் பழக்கத்தை எந்தக் கேப்பும் நிறுத்தாது. உடையாத பொருளைக் கடித்தால், அடியில் இருக்கும் வேரும் எலும்பும்தான் அந்த வலியை வாங்கும். சித்தப்பா அதைத் தவறாமல் மாட்டுகிறார். வயிற்று மாத்திரையும் நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈறைக் காட்டுகிறார். கேப் சொத்தையாகாது, அதன் விளிம்பில் பல் சொத்தையாகும்.

அடுத்த வருஷம் கீழ்க்கடைவாயில் ஒன்று வலித்தது. முன்பு ரூட் கேனால் தேவைப்படாமல் தப்பிய பல். உள்ளே கூழ் இறந்துவிட்டிருந்தது. கேப்பைக் கழற்றவில்லை. வைரமுனைக் கருவியால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, அதன் உச்சியில் துளையிட்டார் டாக்டர். ஒரு முனை மழுங்கி இரண்டாவதை மாட்ட வேண்டியிருந்தது. துளை விழுந்ததும் விரிசல் ஏதும் ஓடியிருக்கிறதா என்று விளக்கைப் பக்கவாட்டில் காட்டிப் பார்த்தார். இல்லை. வேர் சிகிச்சையை முடித்து, துளையைப் பல்நிறச் சிமென்ட்டால் அடைத்து, மறுபடி உலோகத் தாளைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். சிக்கியது. சித்தப்பாவை அன்று மாலையே சாப்பிடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.